சேலத்திலிருந்து கீர்கங்காவுக்கு: மலைமேல் வெந்நீர் ஊற்றுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஏற்காட்டில் எங்கேயாவது வெந்நீர் ஊற்று இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்கிற கெட்டியான, மிகப் பழைய பாறை. பெய்கிற மழை மேல்மண்ணிலும் சிறு பிளவுகளிலும் கொஞ்ச தூரம் இறங்கி, அப்படியே ஓடையாக வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் கிளியூர் அருவியில் நின்றால் உடம்பு வெடவெடக்கிறது. தண்ணீர் சூடாக வேண்டுமானால் அது பூமிக்குள் ரொம்ப ஆழம் போக வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடுகிறது. அங்கே சூடான தண்ணீர், வழியில் ஆறிப்போகாமல் சட்டென்று மேலே வர நல்ல பிளவும் இருக்க வேண்டும். இமயமலை இன்னும் நெருக்குண்டு, உயர்ந்து, உடைந்துகொண்டே இருக்கிற மலை என்பதால் அங்கே அந்த வசதி நிறைய.

நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வேண்டுமென்றால் கர்நாடகத்தில் புத்தூர் அருகே பெந்த்ரு தீர்த்தம் இருக்கிறது. அது வெதுவெதுப்புதான். மலை ஏறி, வேர்த்து, மூச்சு வாங்கி, மேலே போய்ச் சூடான தண்ணீரில் கழுத்தளவு உட்கார வேண்டும் என்பது ஆசையானால், இமாச்சலப் பிரதேசம் குலு மாவட்டத்தில் பார்வதி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற கீர்கங்காவைச் சொல்வேன். கயிறு கட்டி ஏறத் தேவையில்லை, மலையேற்றப் பயிற்சி முகாம் போயிருக்கத் தேவையில்லை. ஆனால் காரில் போய் இறங்கவும் முடியாது. பர்ஷைனி என்கிற ஊரோடு சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நடைதான்.

போகிற எல்லாரும் குளத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். குளத்தில் இருக்கப்போவது கால் மணி நேரம். சிரமமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். குளிக்கப் போகும்போது உடம்பில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், குளித்து ஏறிய பிறகு குளிரில் மாட்டிக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

மே, ஜூன் முதல் பாதி, பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மண்சரிவும் மேகவெடிப்பும் அந்தப் பக்கம் வருஷா வருஷம் நடக்கிற கதை. 2023 ஜூலையில் குலு மாவட்டத்தில் சாலைகளும் பாலங்களும் அடித்துக்கொண்டு போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை பாதையில் பனி கிடக்கும், முதன்முறை போகிறவர்களுக்கு அது சரிவராது.

நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஆயுத பூஜை விடுமுறையைக் கணக்குப் போட்டுக் கிளம்புகிறார்கள். இங்கே ஒரு சிக்கல். நமக்கு விஜயதசமியோடு தசரா முடிகிறது, குலுவில் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. ஏழு நாள் நடக்கும். சுற்றுப்பட்ட கிராமத்துச் சாமிகளெல்லாம் பல்லக்கில் குலு மைதானத்துக்கு வந்து சேரும். பார்க்க ஆசையிருந்தால் அதற்கென்றே போங்கள். வெந்நீர் ஊற்றுதான் குறி என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்து, விழா முடிந்த அடுத்த வாரம் போங்கள். பஸ்ஸில் உட்கார இடமாவது கிடைக்கும்.

சேலத்திலேயே காலைப் பழக்குவது

ஒரு கணக்கு பாருங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கீர்கங்காவுக்குப் போகும் வழியில் தங்கப்போகிற காசோல் ஏறத்தாழ 1,580 மீட்டர், அதாவது ஏற்காட்டின் உயரம்தான். பர்ஷைனி கிட்டத்தட்ட 2,200. கீர்கங்கா 2,950-ஐ ஒட்டி. ஆக, நடக்கிற அந்த ஒரு நாளில் நீங்கள் ஏறப்போவது 750 மீட்டர் போல. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிற உயரத்தில் இது முக்கால் பங்குக்குக் கிட்டே வராது. இப்படிப் பார்த்தால் பயமே இல்லை. ஆனால் பஸ் ஏறுவதும் கால் ஏறுவதும் ஒன்றல்ல.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்குங்கள். மலைப்பாதைத் தார் ரோட்டில் நடக்கச் சொல்ல மாட்டேன். வளைவில் திரும்புகிற வண்டிக்காரருக்கு நீங்கள் கண்ணில் படமாட்டீர்கள். ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய், ஏரியிலிருந்து கிளியூர் அருவிக்கு நடந்து, படிக்கட்டில் கீழே இறங்கி, திரும்ப ஏறுங்கள். அருவியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. படிதான் முக்கியம். முதல் வாரம் வெறும் கையோடு. அடுத்த வாரம் முதுகில் பை, பைக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர். அதற்கடுத்த வாரம் இறங்கி ஏறி மறுபடியும் இறங்கி ஏறுங்கள். இறங்கும்போது முட்டி வலிக்கிறதா என்று கவனியுங்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது வருகிற முட்டிவலி நின்றாலும் போகாது. வலிக்கிறதென்றால் ஊன்றுகோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பர்ஷைனியில் கிடைக்கிற மூங்கில் குச்சி போதும்.

இன்னொரு நாள் ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை நடந்து போய்த் திரும்புங்கள். 1,600 மீட்டரைத் தாண்டுகிற இடம், குகைக்குள் சாமி, மேலே எப்போதும் காற்று. அந்தக் காற்றில் வேர்த்த சட்டையோடு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். உடம்பு எவ்வளவு சீக்கிரம் சில்லிடுகிறது என்று தெரியும். இதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. இமாச்சலத்தில் அதே காற்று, ஆனால் பனியைத் தொட்டுக்கொண்டு வரும்.

ஷூவைப் பற்றி ஒன்றே ஒன்று. எந்த ஷூ போட்டுக்கொண்டு போகப்போகிறீர்களோ, அதைப் போட்டுக்கொண்டுதான் இந்த நடையெல்லாம் நடக்க வேண்டும். ரயில் ஏறுவதற்கு முதல் நாள் கடைவீதியில் வாங்கிய புது ஷூ பர்ஷைனி தாண்டி ஒரு மணி நேரத்தில் குதிகாலில் கொப்புளம் வைக்கும். அடிப்பாகம் வழுவழுப்பாகத் தேய்ந்து போனதும் ஆகாது.

உயரத்தைப் பற்றிய பயம்: 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். ஏற்காடு போய் வந்தால் இதற்குப் பழகிவிடும் என்று நினைக்க வேண்டாம், கால் பழகும், அவ்வளவுதான். உயரத்துக்குப் பழக ஒரே வழி அங்கே போய் மெல்ல ஏறுவது. காசோலிலோ மணிகரணிலோ ஒரு இரவு, பர்ஷைனி பக்கத்துக் கல்கா அல்லது புல்கா கிராமத்தில் ஒரு இரவு என்று தங்கிப் போனால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மேலே போய்த் தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் கீழே இறங்க வேண்டும்.

பையில் என்ன

பெரிய பட்டியல் போடப் போவதில்லை. நம் ஊர்க்காரர்கள் தவறவிடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் ஒரு நாள் முழுக்கக் காயாது, குளிரில் காலோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். சீக்கிரம் காய்கிற பேண்ட் போதும். மேலுக்கு ஒரே தடித்த ஸ்வெட்டரை நம்பாமல் மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்குகள், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஒரு ஜாக்கெட். நடக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம், நின்றால் போட்டுக்கொள்ளலாம். காதை மூடுகிற குல்லா, இரண்டு ஜோடி கூடுதல் சாக்ஸ். மழைக்கோட்டு எந்த மாதமானாலும்.

துண்டு என்றால் கடையில் விற்கிற பூத்துவாலை அல்ல. அது பையில் பாதி இடத்தை அடைக்கும், ஈரமானால் ஒரு கிலோ கனக்கும். நம் ஈரிழைத் துண்டுதான் இதற்கென்றே நெய்தது போல. உதறினால் பாதி காய்ந்துவிடும். அதோடு ஒரு லுங்கி. குளத்தை விட்டு ஏறியதும் திறந்த வெளியில், குளிர்க் காற்றில், ஈர உடையை மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் லுங்கியின் அருமை தெரியும். பெண்களுக்கு நைட்டி அல்லது தொளதொளப்பான நீளக் குர்தா அதே வேலையைச் செய்யும்.

வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண், மோதிரம் எல்லாவற்றையும் சேலத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். ஊற்றுத் தண்ணீரில் கந்தகம் உண்டு, வெள்ளியை அது கறுக்கடித்துவிடும். கொலுசுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டறையில் கொடுத்து மெருகு போட்டால் திரும்பிவிடும், ஆனாலும் எதற்கு வீண் வேலை.

டார்ச் (செல்போன் வெளிச்சம் கணக்கில் சேராது), விசில், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குமட்டல் மாத்திரை, நீங்கள் தினசரி எடுக்கிற மருந்து. ரொக்கப் பணத்தை, பஸ்ஸை விட்டு இறங்குகிற புந்தரிலோ காசோலிலோ எடுத்துவிடுங்கள், மலைமேல் டீக்கடையில் சிக்னல் இல்லாமல் ஸ்கேன் பண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். தின்பதற்குக் கடலை மிட்டாய், பேரீச்சை. தட்டுவடை செட் தூக்கிக்கொண்டு போக முடியாது, வெறும் தட்டுவடை நான்கு நாள் தாங்கும். மேலே கிடைப்பது பரோட்டா, ராஜ்மா சாதம், மேகி நூடுல்ஸ். தயிர்சாதம் இல்லாமல் ஆகாது என்பவர்கள் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

சேலம் முதல் புந்தர் வரை

சேலம் ஜங்ஷனிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸ் நேராக டெல்லிக்குப் போகிறது. ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். வாரம் ஒருமுறை ஹிம்சாகரும் சேலம் வழியாகத்தான் போகிறது. டெல்லியில் காஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து சாயங்காலம் கிளம்புகிற மணாலி பஸ்ஸில் ஏறினால், மறுநாள் காலை புந்தரில் இறங்கலாம். இமாச்சல அரசுப் போக்குவரத்துக் கழக வால்வோ பஸ்ஸுக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். பணம் பரவாயில்லை, நாள்தான் குறைவு என்பவர்கள் கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ விமானத்தில் டெல்லியோ சண்டிகரோ போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம்.

பஸ் மணாலி வரை போவது. நீங்கள் இறங்க வேண்டியது அதற்கு முன்பே, புந்தரில். ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். அவுட் என்கிற இடத்தில் நீளமான சுரங்கப்பாதை ஒன்று வரும். அதைத் தாண்டியதும் பையைக் கட்டி, ஷூவைப் போட்டுக்கொண்டு தயாராகிவிட வேண்டும். ஏற்காடு வளைவிலேயே வாந்தி எடுக்கிறவர்கள் இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்து, முன்பக்க சீட் கேட்டு வாங்கி, பஸ் மலை ஏறுவதற்கு அரை மணி முன்பு மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது.

புந்தரில்தான் பார்வதி ஆறு பியாஸில் கலக்கிறது. அங்கிருந்து காசோல் முப்பது கிலோமீட்டர், மணிகரண் இன்னும் நான்கைந்து. லோக்கல் பஸ் ஓடும், பார்வதியை ஒட்டி ஒடுங்கிய சாலை. இந்தச் சாலையில் போலீஸ் பையைத் திறந்து சோதிப்பது சகஜம். காரணம் பள்ளத்தாக்கின் சரஸ் (கஞ்சாப் பிசின்) வியாபாரம். காசோலில் யாராவது "இதை மட்டும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்" என்று பொட்டலம் நீட்டினால் கையால் தொடாதீர்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் மாட்டினால் சேலத்து வக்கீல் அங்கே வந்து எதுவும் செய்ய முடியாது.

மணிகரணில் ஒரு நாள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். உடம்புக்கு ஓய்வும் ஆகும், வெந்நீர் ஊற்று என்றால் என்ன என்று கண்ணாலும் பார்க்கலாம். ஆற்றங்கரையிலேயே சீக்கியர்களின் குருத்வாராவும் சிவன் கோயிலும். பாறையிடுக்கிலிருந்து ஆவி பொங்கிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே பார்வதி பனிக்கட்டிக் குளிரில் இரைந்து ஓடும். ஊற்று நீர் கொதிநிலையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அரிசியும் பருப்பும் போட்ட பெரிய பாத்திரங்களை மூடி அந்தத் தண்ணீருக்குள்ளேயே இறக்கி வைத்து லங்கர் (குருத்வாராவின் அன்னதானம்) சமையல் நடக்கிறது. பக்தர்களும் சின்னத் துணிப்பையில் அரிசியோ கொண்டைக்கடலையோ முடிந்து, கயிற்றைப் பிடித்தபடி ஊற்றில் தொங்கவிட்டு நிற்பார்கள். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். மணிகரணில் சுமார் 94 டிகிரியில் கொதித்துவிடும். ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பருப்பு வேக ஒரு விசில் கூடுதலாக வேண்டியிருப்பது இதே காரணத்தால்தான்.

இங்கே ஊற்றின் வாயில் கையை நீட்டாதீர்கள், தோல் வெந்துவிடும். குழந்தை கூட இருந்தால் கையை விடவே கூடாது. குளிப்பதற்கென்று தண்ணீரைக் கலந்து ஆறவைத்த தொட்டிகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உண்டு. குருத்வாராவுக்குள் தலையை மூட வேண்டும், கைக்குட்டை போதும். செருப்பைக் கழற்றியதும் சில இடங்களில் தரையே சுடும், வேகமாக நடந்துவிடுங்கள். லங்கரில் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம், காசு கேட்க மாட்டார்கள். ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்குவது அங்கே மரியாதை. தட்டில் மிச்சம் வைக்காதீர்கள்.

நடை

மணிகரணிலிருந்து பர்ஷைனிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் போல. முடிந்தால் முதல் நாளே அங்கே போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்காவிலோ புல்காவிலோ தங்குங்கள். காலை எட்டு மணிக்கு நடக்க ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

முக்கியமான பாதை இரண்டு. நக்தான் கிராமம் வழியாகப் போவது ஒன்று, கல்கா காட்டு வழி இன்னொன்று. முதன்முறை என்றால் நக்தான்தான். அந்த வழியில் ஆள் நடமாட்டம் இருக்கும், டீக்கடை இருக்கும், பாதை தெளிவாகத் தெரியும். கல்கா வழி அழகு, நிழல், ஆனால் காட்டுக்குள் பாதை கிளை பிரிந்துகொண்டே போகும். பார்வதி பள்ளத்தாக்கில் தனியாகப் போய்க் காணாமல் போனவர்கள் பல பேர். அதனால் தனியாக நடக்காதீர்கள், குறுக்குவழி தேடாதீர்கள், தங்குகிற இடத்தில் எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பர்ஷைனியைத் தாண்டினால் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் போன் எடுக்காது, பயப்படாதீங்க" என்று.

முதல் பாதி லேசு. ஆப்பிள் தோட்டம், மரவீடுகள், மாட்டுச் சாணி மணம், நக்தான். அதற்கப்புறம் ருத்ரநாக். பாறையில் பாம்பு நெளிவது போல அருவி இறங்கும், ஊர்க்காரர்களுக்கு அது சாமி. அங்கே டீ குடித்து, தண்ணீர் நிரப்பி, கால் மணி நேரம் காலை நீட்டி உட்காருங்கள். ஏனென்றால் கொஞ்ச தூரத்தில் பாலத்தைத் தாண்டியதும் பாதை குணத்தை மாற்றிக்கொள்ளும். தேவதாரு காட்டுக்குள் ஒரே ஏற்றம், வேரும் கல்லும் சேறும். கிளியூர்ப் படிக்கட்டில் பழகியது இங்கேதான் கை கொடுக்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிறதென்றால் வேகம் சரி. பேச முடியவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். சேர்ந்து கிளம்புகிற கூட்டத்தில் முன்னால் ஓடுகிற ஒருத்தன் எப்போதும் இருப்பான். அவனைப் பின்னால் வரச் சொல்லி, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்.

எதிரே இறங்கி வருகிறவரிடம் "கித்னா டைம் லகேகா, பாய் சாப்?" என்று கேட்டால் "பஸ், ஆதா கண்டா" என்பார். அரை மணி நேரமாம். அது அவர் காலுக்கு. நம் காலுக்கு இரட்டிப்பாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு மொத்தம் ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும்.

மதியம் இரண்டு மணிக்குள் அந்தப் பாலத்தைத் தாண்டவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். மலை இருட்டு சட்டென்று வரும். இன்னொன்று: கீழே ஆற்றுப் படுகையில் இறங்கி செல்ஃபி எடுப்பது, கால் நனைப்பது எல்லாம் வேண்டாம். புல்காவில் நீர்மின் திட்ட அணை இருக்கிறது, அதற்குக் கீழே தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. அணைக்கு மேலேயும் மதியத்துக்கு மேல் பனி உருகி ஆறு தடிக்கும்.

குளம்

காடு முடிந்து புல்வெளி திறக்கும். எதிரே பனி மூடிய மலை. வெள்ளையாய்ப் படிவு படிந்த பாறையில் சூடான தண்ணீர் வழிந்து, குழாய் வழியாகத் தொட்டிக்கு வருகிறது. ஆண்களுக்குத் திறந்த குளம், பெண்களுக்குச் சுவர் எழுப்பிய தனிக் குளம். பக்கத்தில் சின்ன சிவன் கோயில். கார்த்திகேயர் இங்கே பல காலம் தவமிருந்தார், பிள்ளைக்காகப் பார்வதி பாலாய் ஓடவிட்ட நீரைப் பரசுராமர் வெறும் தண்ணீராக்கினார் என்று ஊர்க்கதை சொல்கிறது. நம் முருகன் அங்கேயும் ஒரு குன்றைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். முத்துமலைக்கும் கந்தாஸ்ரமத்துக்கும் போய்ப் பழகிய சேலத்துக்காரர்களுக்கு அங்கே அந்நியமாகவே இருக்காது. அது கோயில் குளம் என்பதையும் அதனால் மறக்கக் கூடாது. சோப்பு, ஷாம்பு, பீர் பாட்டில், ஸ்பீக்கர் எதுவும் கிட்டே வரக் கூடாது. முதலில் வெளியே குழாயில் வேர்வையும் சேறும் போகக் கழுவிக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும்.

வந்து சேர்ந்த வேகத்தில் குதிக்காதீர்கள். அரை மணி உட்கார்ந்து, சூடாக ஏதாவது குடித்து, இதயத் துடிப்பு அடங்கட்டும். இறங்குவதற்கு முன்பே மாற்றுத் துணி, துண்டு, குல்லா, சாக்ஸ் எல்லாவற்றையும் ஏறியதும் எடுக்கிற வரிசையில், மேலே துண்டு வரும்படி, ஒரே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கரையில் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள்.

முதலில் கால், பிறகு முட்டி, பிறகு இடுப்பு. தண்ணீர் சூடாக இருக்கிறது என்று உடம்பு பதறும், ஒரு நிமிஷத்தில் அடங்கும். அப்புறம் தோளிலிருந்து ஏதோ ஒன்று கழன்று இறங்குவது போல இருக்கும். பத்து, பதினைந்து நிமிஷம் போதும். சூட்டில் ரத்தக்குழாய் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே நடந்து நீர்ச்சத்து இழந்த உடம்பு வேறு. ஒரு மணி நேரம் ஊறிவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டி விழுவீர்கள். தலை கிறுகிறுத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே படியில் ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். மது குடித்துவிட்டுக் குளத்தில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

தலையை முக்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா என்கிற அமீபா இருக்க வாய்ப்புண்டு. மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும், அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். கேரளத்தில் அது பறித்த உயிர்களைச் செய்தியில் படித்திருப்போம். கழுத்துவரை போதும், மூக்குக்குள் தண்ணீர் போகக் கூடாது. கொப்புளம் உடைந்த கால், ஆறாத புண் இருந்தாலும் இறங்க வேண்டாம். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது, அவர்கள் கூட வருகிறவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் அத்தை ஒருத்தர் எப்போதும் சொல்லி அனுப்புவார்: "ஒரு பாட்டில் புடிச்சுட்டு வா கண்ணு, முட்டிவலிக்குத் தேய்ச்சுக்கறேன்." மூட்டுக்கு இதமாக இருப்பது பெரும்பாலும் சூடும், தண்ணீர் உடம்பைத் தாங்குவதும்தான். பாட்டிலில் சேலம் வந்து சேர்வது ஆறிப்போன கந்தகத் தண்ணீர். வீட்டில் பாய்லரைப் போட்டு அத்தைக்கு ஒத்தடம் கொடுத்தால் அதே பலன்.

ஏறிய பிறகு

இதுதான் ஆபத்தான பத்து நிமிஷம். உடம்பு உள்ளே கதகதவென்று இருப்பதால் குளிர் தெரியாது. ஈரத்தோடு நின்று போட்டோ எடுக்கத் தோன்றும். ஈரத் தோல், விரிந்த ரத்தக்குழாய், பனிக்காற்று மூன்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். ஆகவே வரிசை மாறாமல்: துண்டால் தலையையும் நெஞ்சையும் துடை, லுங்கியைச் சுற்று, ஈரத்தைக் கழற்று, உலர்ந்த பனியன், அடுக்கு உடை, குல்லா, கடைசியில் காலைத் துடைத்து விரலிடுக்கு உலர்ந்த பிறகு சாக்ஸ். நடுக்கம் நிற்காமல் பேச்சு குழறினால் அது வெறும் குளிரல்ல. உள்ளே அழைத்துப்போய்ப் போர்த்தி, சூடாக இனிப்பு டீ கொடுத்து, பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும்.

மேலே இரவு தங்கலாமா, கூடாரம் போடலாமா என்பதில் வனத்துறை விதி அவ்வப்போது மாறுகிறது. பர்ஷைனியில் கிளம்பும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தங்க முடிந்தால் சாயங்காலம் ஒருமுறை, விடிகாலை ஒருமுறை குளிக்கலாம். விடிகாலையில் கூட்டமே இருக்காது. தங்க முடியாதென்றால் காலை ஆறரைக்கே நடக்க ஆரம்பித்து, மதியம் ஒரு மணிக்குள் குளித்து முடித்து, இரண்டு மணிக்கு முன் இறங்கத் தொடங்க வேண்டும். கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் உங்கள் பையிலேயே கீழே வர வேண்டும்.

இறங்க மூன்று, நான்கு மணி நேரம். ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் விரல் நுனி ஷூவில் மோதி நகம் கறுத்துவிடும். பர்ஷைனியிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் பங்கு டாக்ஸிதான்.

டெல்லியிலிருந்து சேலத்துக்குத் திரும்பும் ரயில் டிக்கெட்டைப் போடும்போது, புந்தரில் பஸ் ஏறும் நாளுக்கும் ரயில் நாளுக்கும் நடுவே ஒரு நாளைக் காலியாக விடுங்கள். மண்டிக்கும் குலுவுக்கும் நடுவில் ஒரு பாறை விழுந்தால் சாலை அரை நாள் அடைபட்டுவிடும். பாறை விழவில்லையென்றால் டெல்லியில் ஒரு பகல் தூங்கிக்கொள்ளலாம்.